கரிஞ்சா சாகாமல் தப்பிய நாற்பத்தொரு முறை

செப்டம்பர் 8, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. 98.2.

இந்த நோட்டு அதற்காகத்தான் வாங்கியது. தினமும் இரண்டு வேளை வெப்பம் பார்த்துத் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் இருந்தது. என் மனைவி ஜெசிந்தாவுக்கு மார்பில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள். மூன்று முடிந்தது, நாளை மறுநாள் நான்காவது. எண்ணை எழுதிவிட்டு மூடி வைக்க வேண்டியதுதான். ஆனால் பேனாவை எடுத்தால் கை அது பாட்டுக்குப் போகிறது.

காலையில் பூசைக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தேன். அவளுக்குக் கூட்டம் ஆகாது. தாளிக்கிற வாசனையும் ஆகாது. அதனால் இரண்டு மாதமாக வீட்டில் தாளிக்காத ரசம். தாளிக்காத ரசம் என்பது புளித்தண்ணீர்தான், இருவரும் ரசம் என்றே சொல்லிக்கொள்கிறோம்.

மூன்று மணிக்கு ஹபீபும் தமயந்தியும் வந்தார்கள், முகக்கவசத்தோடு. பதினோரு வருடமாக ஞாயிறு மூன்று மணி என்றால் எங்கள் சாப்பாட்டு மேசையில் உப்பு நாடு விரிந்துவிடும். நான் கதையை நடத்துவேன். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரம். ‘நான் கதவை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், இருபது முகப் பகடையை உருட்டி, உடைந்ததா, தோள் உடைந்ததா என்று பார்ப்போம். பூதங்களுக்கும் கொள்ளையருக்கும் நான் உருட்டுவேன், ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியில் வெட்டிய ஒரு தடுப்புக்குப் பின்னால். எதிரியின் பலம் ஆட்டக்காரர்களுக்குத் தெரியக்கூடாது. உருட்டி, எண்ணை மட்டும் வாயால் சொல்வேன்; பதினான்கும் அதற்கு மேலும் என்றால் அடி விழும். ஊர் விட்டு ஊர் கூட்டிப் போகிறவன் என்பதால் எனக்குக் கண்டக்டர் என்று பெயர். ஹபீப் வைத்தது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், ஆட்டத்தில் திருடன். தமயந்தி தபால் நிலையத்தில் இருக்கிறாள், ஆட்டத்தில் தீ மூட்டும் சூனியக்காரி.

ஜெசிந்தா ஆடுவது கரிஞ்சா. உப்பு வணிகர்களுக்குப் பாலைவனத்தில் வழிகாட்டுகிறவள். ஒரு கால் நொண்டி, வாய் நீளம், மந்திரி என்று ஒரு கழுதை. பதினோரு வருடத்தில் ஹபீப் நான்கு திருடர்களைப் பறிகொடுத்துவிட்டான். கரிஞ்சா மட்டும் முதல் நாளிலிருந்து அதே கரிஞ்சா.

இன்று உப்புப் பூதம் அவள் மேல் பாய்ந்தது. உருட்டினேன். “ஒன்பது. தவறிடுச்சு.” என்றேன்.

ஜெசி பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

98.4. நான்காவது மருந்து ஏறியது. நான்கு மணி நேரம்.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய பெரியம்மா உட்கார்ந்து, பப்பாளி இலைச் சாறு, கருஞ்சீரகம், லால்குடியில் ஒரு வைத்தியர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசி கண்ணை மூடியபடி என்னிடம் நெமுரியில் ஒரு வார்த்தை சொன்னாள். “ஒய்ரா.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா, “என்ன கேக்குறா, தண்ணியா?” என்றார். ஆமாம் என்று எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன்.

நெமுரி, உப்பு நாட்டு மக்களின் மொழி. ஜெசி உருவாக்கியது. பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் ஒரு மொழியைக் கட்டியிருக்கிறாள். பச்சை அட்டை நோட்டில் ஆயிரத்து நானூறு சொற்கள், எல்லாவற்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம். ‘ஒய்ரா’ இந்த ஜூலையில் சேர்ந்தது. நலம் விசாரிக்க வந்து வைத்தியம் சொல்கிறவர்கள் என்று பொருள். ‘தவ்மா’ என்பது பழைய சொல். பாலைவனத்தில் எதிரே வருகிறவரிடம் சொல்லும் வணக்கம். ‘இன்னும் இருக்கிறேன்’ என்று அர்த்தம். பதிலும் தவ்மாதான்.

ஊசி எடுத்த பிறகு என்னைப் பார்த்து, “தவ்மா” என்றாள். நானும் சொன்னேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

99.1. ஆறு முறை வாந்தி. தலையணை உறை மூன்று துவைத்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

98.4. இட்லி இரண்டு சாப்பிட்டாள். காஸ் சிலிண்டர் பதிந்தாயிற்று.

ஆட்டத்தில் உப்புக் குகைக்குள் நுழைந்துவிட்டார்கள். குகைப் படம் நான் வரைந்தது. கட்டட வரைபடம் போடுவது என் பிழைப்பு. அதனால் நான் போடும் குகையில்கூடச் சமையலறை தென்கிழக்கில் வந்துவிடுகிறது என்று தமயந்தி கேலி செய்தாள். “பூதத்துக்கு வாஸ்து பாத்துக் குடுத்திருக்காருப்பா நம்ம கண்டக்டர்.”

நானும் ஜெசியும் ஒருவரையொருவர் கண்டுபிடித்ததே ஒரு பூதத்தால்தான். கல்லூரி நாளில் வாடகை நூலகத்தில் ஒரு மந்திரவாதி நாவல். அட்டையில் மண்டை ஓடு, மின்னல், வாளோடு ஒரு பெண். இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மறுவாரம் எனக்குக் கிடைத்தபோது கடைசி இரண்டு பக்கம் கிழிந்திருந்தது. அவளிடம் சண்டைக்குப் போனேன். “எனக்கும் கிழிஞ்சுதான் கெடைச்சுது. முடிவு என்னன்னு நீ சொல்லு பாப்போம்” என்றாள். அன்று ஆரம்பித்த கதைதான் இந்த உப்பு நாடு.

இன்று ஹபீபின் திருடனைப் பூதம் இரண்டு தடவை அடித்தது. பதினெட்டு, பத்தொன்பது. “என்ன ஓய், எங்கிட்ட மட்டும் உங்க பூதத்துக்கு அப்படி என்ன பகை?” என்றான். கரிஞ்சாவுக்கு ஏழு, பதினொன்று, நான்கு. எல்லாம் தவறிவிட்டது.

“அதிர்ஷ்டம்தான்” என்றாள் ஜெசி. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

98.2. ஸ்கேன் எடுத்தாயிற்று. மருந்து கட்டியை எவ்வளவு சுருக்கியிருக்கிறது என்று பார்க்க. இந்த நான்கோடு முடிந்தால் அறுவைச் சிகிச்சை. அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

செப்டம்பர் 28, சனி

98.4.

அலுவலகம் முடிந்து, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம் போனேன். பிறகு மார்க்கெட்டில் மாதுளை, சாத்துக்குடி, பீர்க்கங்காய். மாதுளை நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து பழத்தையெல்லாம் உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தேன். பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததற்கு வாஷர் மாற்றினேன். ஃபேன் இறக்கைகளைத் துடைத்தேன்.

“ரிப்போர்ட் வந்துச்சா?” என்றாள்.

“திங்கக்கெழமை ஆகுமாம்.”

இரண்டு ஜன்னல் கம்பிகளையும் துடைத்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

98.6.

ஆட்டத்துக்கு முன்னால் கண்டக்டர் பெட்டியை எடுத்து வைத்தேன். பழைய தகர பிஸ்கட் டப்பா. தடுப்பு அட்டை, குகைப் படங்கள், பூதங்களின் குறிப்பு எல்லாம் அதில்தான். ஆட்டக்காரர்கள் அதைத் திறப்பதில்லை. பூட்டு கிடையாது, பதினோரு வருடத்தில் ஒருவரும் திறந்ததில்லை. அது எங்கள் மேசையின் முதல் விதி. இந்த வீட்டில் ஜெசி கை வைக்காத ஒரே இடமும் அதுதான்.

பூதம் மூன்று முறை கரிஞ்சாவைத் தாக்கியது. மூன்றும் தவறியது. தமயந்திகூட ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள். ஜெசி பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, தலை வலிக்கிறது, போய்ப் படுக்கிறேன் என்று எழுந்து போனாள். ஆட்டத்தின் நடுவில் அவள் எழுந்து போனது இதுதான் முதல் தடவை.

வாசலில் ஹபீப் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம், “அமலா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்றான்.

“நல்லாத்தான் இருக்கு.”

அக்டோபர் 1, செவ்வாய்

98.4. டாக்டரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். எட்டாம் தேதி ஜெசியைக் கூட்டி வரச் சொன்னார். “அவங்க உடம்பு, அவங்க தெரிஞ்சுக்கணும் அமலதாஸ். அன்னிக்கு நீங்க சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்.”

சரி என்றேன். எட்டாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிறும் இருக்கிறது. அவள் இப்போதுதான் இட்லி சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிடட்டுமே.

ஸ்கேன் மிஷின் பழுது, அதனால் தாமதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

98.2.

அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது பச்சை நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. நெமுரி நோட்டை யாரும் பார்க்கலாம், அதில் ரகசியம் இல்லை. கடைசிப் பக்கத்தில் புதிய சொல் ஒன்று.

பில்வோ: அன்பினால் சொல்லப்படும் பொய். எடுத்துக்காட்டு: கண்டக்டர் பில்வோ உருட்டுகிறார்.

இரண்டு முறை படித்தேன். பிறகு நோட்டை இருந்த மாதிரியே வைத்துவிட்டு, ஊறப்போட்ட உளுந்தை அரைத்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

வெப்பம் பார்க்கவில்லை.

இதை முழுசாக எழுதிவிட வேண்டும்.

மாலை வேலையிலிருந்து வந்தேன். ஜெசி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள், தலையில் அந்த நீலத் துணி. முன்னால் கண்டக்டர் பெட்டி, மூடியபடி. பக்கத்தில் ஒரு தாள்.

“உக்காருப்பா” என்றாள். வெளியாட்கள் முன்னால் நான் ‘நீங்க’, வீட்டுக்குள் ‘ஏம்ப்பா, வாப்பா’தான். இன்று அதுவே வேறு மாதிரி இருந்தது.

தாளில் வரிசையாக எண்கள். ஜூலையிலிருந்து என் பூதங்கள் கரிஞ்சாவைத் தாக்கிய ஒவ்வொரு முறையும் நான் வாயால் சொன்ன எண்.

“நாப்பத்தொரு தடவை. ஒரு தடவைகூட பதிமூணுக்கு மேல வரல. அப்படி வர்றதுக்கு நாலரைக் கோடியில ஒரு வாய்ப்புதான் இருக்கு. போட்டுப் பாத்துட்டேன், ரெண்டு தடவை. இதே பகடை ஹபீபுக்கு மட்டும் பதினெட்டும் பத்தொன்பதுமா விழுது.”

தோளில் இருந்த பையைக் கழற்றி மேசையடியில் வைத்தேன்.

“கணக்கு டீச்சரைக் கட்டிக்கிட்டு இந்த வேலை பாக்கலாமாப்பா?”

சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“ஊரே எங்கிட்டப் பொய் சொல்லுது. மொகம் தெளிஞ்சிருச்சுங்குறாங்க, வெயிட்டே குறையலங்குறாங்க. போனா போகுதுன்னு கேட்டுக்குறேன். ஞாயித்துக்கெழமை மூணு மணி ஒண்ணுதான் எனக்கு நெசமா இருந்துச்சு. அங்க எம்மேல யாரும் பரிதாபப்படல. பூதம் அடிச்சா அடிதான், செத்தா சாவுதான். அதையும் எடுத்துட்டியே நீ.”

“ஜெசி, நான் உனக்காக...”

“எனக்காகன்னு சொல்லாத.” குரல் உடைந்தது. பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினாள். “பகடையிலயே பொய் சொல்றவன், ஸ்கேன் மிஷின் ரிப்பேருன்னு சொன்னா நான் நம்பணுமா? ரிப்போர்ட் இதுக்குள்ளதான் இருக்குன்னு தெரியும். நான் தொட மாட்டேன்னு தெரிஞ்சுதானே இங்க வெச்ச?”

“தெறந்து பாத்தியா?”

“இல்ல. கண்டக்டர் பெட்டி. நீயே எடு.”

திங்கட்கிழமையிலிருந்து அவள் வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள், அந்தப் பூட்டில்லாத டப்பாவோடு. தன் உயிரைப் பற்றிய தாள் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் அவள் விதியை மீறவில்லை. நான்தான் மீறியிருக்கிறேன், நாற்பத்தொரு முறை.

எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். வினாத்தாளைப் பார்ப்பது மாதிரி மேலிருந்து கீழாக ஒரு முறை, மறுபடி ஒரு முறை. கட்டி நினைத்த அளவு சுருங்கவில்லை. அறுவைச் சிகிச்சை இப்போது இல்லை. முதலில் வேறு மருந்து, வாரா வாரம், பன்னிரண்டு வாரம். அதற்குப் பிறகும் என்ன என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை. அதையும் சொன்னேன். எதையும் விடவில்லை.

“எத்தனை நாளா தெரியும்?”

“சனிக்கெழமைலேருந்து.”

“ஆறு நாள் தனியா வெச்சுக்கிட்டிருந்தியா?” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன்.

அவளுக்காக மறைத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ‘கரிஞ்சா செத்துட்டா’ என்று என் வாயால் சொல்ல எனக்குப் பயம். தடுப்புக்குப் பின்னால் பதினேழும் இருபதும் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஏழு என்பேன். எனக்கு இவள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

படுக்கப் போகும் முன் ஜெசி சொன்னாள், “ஞாயித்துக்கெழமை அந்த அட்டை வேணாம். எல்லாரும் பாக்க உருட்டு.”

அக்டோபர் 5, சனி

98.6. கோபமாக இருக்கிறாள். ரசத்தில் உப்பில்லை என்றாள். உண்மையிலேயே இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

98.4.

ஹபீபிடமும் தமயந்தியிடமும் ஜெசியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், முறுக்கு எடுத்து வைக்கிற நேரத்துக்குள். ஸ்கேனையும் சொன்னாள், பகடையையும் சொன்னாள். ஹபீப் என்னை முறைத்தான். “அப்போ என் திருடனை மட்டும் நெசமாவே அடிச்சிருக்க?” என்றான். தமயந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

தடுப்பு இல்லாத மேசை வெறிச்சென்று இருந்தது. எனக்கு எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை.

குகையின் கடைசி அறை. வெளியே போகிற வழியில் பூதம் நிற்கிறது. கரிஞ்சா மந்திரியின் கயிற்றைத் தமயந்தியின் சூனியக்காரியிடம் கொடுத்தாள். “நீங்க ரெண்டு பேரும் கழுதையைக் கூட்டிட்டு ஓடுங்க. நான் இதைப் பேச்சுல நிறுத்தி வைக்கிறேன்” என்றாள் ஜெசி. “நொண்டிக்கால வெச்சுக்கிட்டா?” என்றான் ஹபீப். “வாய் நொண்டியில்லையே.”

உருட்டினேன். பகடை முறுக்குத் தட்டில் இடித்து நின்றது. பத்தொன்பது.

நான்கு பேரும் பார்த்தோம்.

அடிபட்டு விழுந்தவர் பிழைக்க ஒரு பகடை உண்டு. அதை அந்த ஆட்டக்காரரேதான் உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வந்தால் உயிர். ஜெசி பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பிடிக்கவில்லை.

நான்கு.

“சொல்லு கண்டக்டர்” என்றாள்.

“கரிஞ்சா செத்துட்டா” என்றேன்.

பதினோரு வருடம். தமயந்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஹபீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். ஜெசி எழுந்து நின்று, உப்பு நாட்டு வழக்கப்படி, இறந்தவள் சார்பில் வழியனுப்பு வாக்கியத்தை நெமுரியில் சொன்னாள். அதன் கடைசிச் சொல் தவ்மா. நாங்கள் மூன்று பேரும் திருப்பிச் சொன்னோம்.

பிறகு தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். மூன்று மாதமாக முறுக்கைத் தொடாதவள். “மூணு மாசத்துல இன்னிக்குத்தான் நெசமா ஆடுன மாதிரி இருக்கு” என்றாள். கண்ணில் நீர், வாயில் முறுக்கு.

அக்டோபர் 8, செவ்வாய்

98.4. பன்னிரண்டில் முதலாவது. டாக்டரம்மாவிடம் ஜெசி பதினாறு கேள்வி கேட்டாள், எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தாள். இந்த மருந்து கேட்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் கேட்டாள். டாக்டரம்மா சொன்னார். ஜெசி குறித்துக்கொண்டாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தடுப்பு அட்டையைக் கத்தரியால் வெட்டித் துளையிட்டு, ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டி வைக்கக் கோப்பு செய்துவிட்டாள். அட்டையின் உள்பக்கம் நான் வரைந்திருந்த பூதம், முதல் ஸ்கேனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

98.8. கை கால் வலி. வாந்தி இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு கடுகு தாளித்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. ஜெசி முகம் சுளிக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. 98.6.

ஜெசி புதிய பாத்திரத்துக்கான தாளை நிரப்பிக்கொண்டு வந்தாள். தலைமுறை தலைமுறையாகப் பாலைவனத்தில் கிணறு தோண்டுகிற இனம். பெயர் ஊமாய். மந்திரியைச் சொத்தாகக் கேட்டாள், கொடுத்துவிட்டோம். வயது என்ற இடத்தைப் பார்த்துவிட்டு நான் தவறாக எழுதிவிட்டாளோ என்று நினைத்தேன்.

“எழுபத்தொண்ணா?”

“ஆமா.”

“கெழவியை வெச்சுக்கிட்டு எப்படிச் சண்டை போடுவ? ஓடக்கூட முடியாதே.”

“எனக்குக் கெழவியாகணும்னு ஆசைப்பா” என்றாள். “இங்க அது எப்படி விழும்னு யாருக்கும் தெரியாது. அங்க நானே எழுதிக்கலாமில்ல.”

ஹபீப் தட்டைப் பார்த்தான். தமயந்தி அவள் தோளில் கை வைத்தாள். நான், சரி, ஊமாய்க்கு எழுபத்தொரு வயது என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஊமாய் முதல் கிணற்றுக்கு மண்வெட்டியை ஓங்கினாள். தண்ணீர் வருமா என்று நான் உருட்டினேன். கை பழக்கதோஷத்தில், இல்லாத தடுப்பை ஒரு நிமிடம் தேடியது. பிறகு மேசையின் நடுவில், நான்கு பேரும் பார்க்க உருட்டினேன்.

மூன்று. தண்ணீர் இல்லை.

“மூணு” என்றேன், அவள் கண்ணைப் பார்த்து.

“தெரியுது” என்றாள் ஜெசி. “அடுத்த எடத்துல தோண்டுறேன்.”